கண்ணீரும் கண்புரையும்

(எம்.எஸ்ஸி., இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

நம் வீடுகளில் கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஒருவன் இருந்தால் அவனுக்கு வந்து சேரும் பொறுப்புகளுள் ஒன்று, பெரியவர்களைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வது. அவன் படிப்பது தாவர இயலா, பொருளாதாரமா என்று யாரும் கேட்பதில்லை. "படித்த பிள்ளை, டாக்டர் சொல்வது அவனுக்குப் புரியும்" என்று அனுப்பி விடுவார்கள். நானும் அவ்விதம் அனுப்பப்பட்டவன்தான்; ஒரு முறை அன்று, இரு முறை. முதல் முறை ஒன்றும் புரியாமல், புரிந்தவன்போல் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அதன் பயனை என் தந்தையார் இன்றும் தம் இடக்கண்ணில் அனுபவித்து வருகிறார். இரண்டாம் முறை நான் தெரிந்துகொண்டது, வரும் விடுமுறையில் அப்பாவையோ பாட்டியையோ கண்புரை அறுவைக்கு அழைத்துப் போகவிருக்கும் நண்பர்களுக்குப் பயன்படும் என்பதால் இதனை எழுதுகிறேன்.

என் தந்தையார் தையற்காரர். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து தில்லிக்குத் தனியே வந்து, கடை ஊன்றிய பின்னர் எங்களை அழைத்துக்கொண்டார். அப்போது எனக்கு வயது ஆறு. பள்ளிச் சீருடை தைப்பது அவருடைய முதன்மையான தொழில். காலை முதல் இரவு வரை ஊசியின் முனையையே பார்த்துக்கொண்டிருப்பார். தலைக்கு மேல் மின்விசிறி சுழன்றுகொண்டிருக்கும். இந்த இரண்டு செய்திகளும் பின்னர் வேண்டியிருக்கும், நினைவில் வைத்துக்கொள்க.

கண்புரை என்பது என்ன என்பது பலரும் அறிந்ததே. கண்ணின் பாவைக்குப் பின்னால் தெளிந்த கண்ணாடிபோல் இருக்கும் லென்ஸ், வயது ஏற ஏற மங்கிப் பால் நிறம் கொள்கிறது. இங்குள்ள மக்கள் இதனை 'மோதியாபிந்து' என்கிறார்கள்; முத்துத் துளி என்று பொருள். நோய்க்கு இத்தனை அழகான பெயரை வைத்தவன் யாரோ! மருந்தால் புரையைக் கரைக்க வழி இல்லை. மங்கிய லென்ஸை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் செயற்கை லென்ஸ் ஒன்றை வைப்பதே சிகிச்சை. இதனை முதன்முதல் செய்தவர் லண்டனில் செயின்ட் தாமஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஹரால்டு ரிட்லி என்ற கண் மருத்துவர், ஆண்டு 1949. போர் விமானிகளின் கண்ணில் விமானக் கண்ணாடியின் சிதறல்கள் புகுந்தும் கண் அவற்றைப் பொறுத்துக்கொண்டதைக் கண்டு, அதே வகைப் பிளாஸ்டிக்கால் லென்ஸ் செய்யலாம் என்று துணிந்தவர் அவர். லென்ஸ் கண்ணில் தங்கியது. ஆனால் அதன் திறன் அளவுக்கு மிஞ்சியிருந்தமையால், முதல் நோயாளிக்குக் கடுமையான கிட்டப்பார்வை உண்டாயிற்று. அஃதாவது, கைத்திறன் வென்ற இடத்தில் கணக்கு தோற்றது. அன்று தொடங்கி இந்த அறுவையில் இரண்டு கேள்விகள் இருந்து வருகின்றன. ஒன்று, லென்ஸை எப்படி வைப்பது? மற்றொன்று, எத்தனை திறனுள்ள லென்ஸை வைப்பது?

முதற் கேள்விக்கு இன்று மிகச் சிறந்த விடை உண்டு. இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலமே உள்ள வெட்டின் வழியாகப் புரையை உடைத்து உறிஞ்சி எடுத்து, மடித்த லென்ஸை உள்ளே விரித்துவிடுகிறார்கள். லென்ஸின் விலையும் இறங்கிவிட்டது. அதில் நம் மதுரைக்குப் பெரும் பங்கு உண்டு. 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் அங்கே தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் சார்பில், 1992-இல் ஆரோலேப் என்னும் தொழிற்கூடம் ஏற்பட்டு, ஏழைக்கும் எட்டும் விலையில் லென்ஸ் செய்யத் தொடங்கியது. எனவே கை தேர்ந்திருக்கிறது, பொருளும் மலிந்திருக்கிறது. நாம் கவனிக்க வேண்டியது இரண்டாம் கேள்வியை. அங்கேதான் கண்ணீர் குறுக்கிடுகிறது.

கண்ணுக்கு லென்ஸ் ஒன்றுதான் என்று பள்ளியில் படித்தோம். உண்மையில் கண்ணின் ஒளி குவிக்கும் திறனில் பெரும்பகுதி, முகப்பில் கைக்கடிகாரக் கண்ணாடிபோல் கவிந்திருக்கும் கார்னியா என்னும் தெளிந்த படலத்தினுடையது. கண்ணின் மொத்தத் திறன் ஏறத்தாழ 60 டையாப்டர் என்றால், 43 டையாப்டர் அளவுக்கு அதுவே தருகிறது. காரணம் எளிது. ஒளி பெரிதும் வளைவது, ஒளிவிலகல் எண் பெரிதும் மாறும் இடத்தில். காற்றின் எண் 1. கண்ணீரின் எண் ஏறத்தாழ 1.336. காற்றிலிருந்து கண்ணுக்குள் ஒளி நுழையும் அந்த முதற் பரப்பில்தான் இந்தப் பெரிய மாற்றம் நிகழ்கிறது.

நான் 'கண்ணீரின் எண்' என்று எழுதியதைக் கவனித்தீர்களா? காற்றைத் தொடும் பரப்பு கார்னியா அன்று. அதன்மேல் படர்ந்துள்ள கண்ணீர்ப் படலம். ஏறத்தாழ மூன்று மைக்ரான் கனம். நம் தலைமயிரின் கனத்தில் இருபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். கார்னியாவின் மேற்பரப்பை நுண்ணோக்கியில் பார்த்தால் மேடுபள்ளமாக இருக்கும். அதன்மேல் கண்ணீர் பரவித்தான் கண்ணாடிபோன்ற வழவழப்பு கிடைக்கிறது. உலகத்தை நாம் பார்ப்பது கண்ணீரின் வழியாகத்தான் என்று சொன்னால் கவிதைபோல் தோன்றும். ஒளியியலில் அது வெறும் செய்தி.

இப்படலம் வெறும் நீர் அன்று. அடியில் சளி போன்ற ஒரு பொருள், நடுவில் நீர், மேலே எண்ணெய். சளி இல்லாவிடில், கண்ணீர் தாமரை இலைத் தண்ணீராய் உருண்டு ஓடிவிடும், பரப்பில் ஒட்டாது. எண்ணெய் இல்லாவிடில் நீர் விரைவில் ஆவியாகிவிடும். ரசத்தின்மேல் மிதக்கும் நெய்போல் அது நீரை மூடிக் காக்கிறது. இந்த எண்ணெயைச் சுரப்பவை இமைகளின் விளிம்பில் வரிசையாக அமைந்த சிறு சுரப்பிகள். அவற்றை 1666-இல் விரித்து எழுதிய ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிஷ் மைபோம் என்பவரின் பெயரால் மைபோமியன் சுரப்பிகள் என்று வழங்குகின்றன. நாம் ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் இமை இந்த எண்ணெயைச் சிறிது பிழிந்து, படலத்தைப் புதிதாகப் பூசிவிட்டுப் போகிறது. நிமிடத்திற்குப் பதினைந்து முறை இமைக்கும் ஒருவர், புத்தகத்திலோ திரையிலோ ஊசி முனையிலோ கண் பதித்துவிட்டால் அதில் பாதிகூட இமைப்பதில்லை. தையற்காரருக்கும், தேர்வுக்குப் படிக்கும் நமக்கும் கண் எரிவது இதனால்தான்.

நிற்க. என் தந்தையாருக்கு வருவோம்.

அவருடைய இடக்கண்ணில் புரை முற்றியபோது எனக்கு டிசம்பர் இறுதியில் பத்து நாள் விடுமுறை. அந்தப் பத்து நாளுக்குள் அறுவையும் முடிந்து, இரண்டு முறை காட்டியும் வந்துவிட வேண்டும் என்று நான் கணக்கிட்டேன். போன இடத்தில் அன்றே அளவெடுத்தார்கள். "நாளையே செய்துவிட முடியுமா?" என்று கேட்டவன் நான், அவர்கள் அல்லர். தில்லியின் டிசம்பர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்: புகையும் வறண்ட குளிரும். அப்பாவின் கண்கள் சிவந்து நீர் வழிந்துகொண்டிருந்தன. அதைப்பற்றி யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. மறுநாள் அறுவை நடந்தது. ஒரு குறையும் இன்றி நடந்தது என்றே சொன்னார்கள், அதுவும் உண்மைதான்.

ஆனால் பார்வை நிலைகொள்ளவில்லை. பத்திரிகையில் இரண்டு வரி படிப்பார். மூன்றாவது வரி கலங்கும். கண்ணை இமைத்தால் மீண்டும் தெளியும். காலையில் தெரிவது மாலையில் தெரியாது. சில வாரங்கள் கழித்துச் சோதித்தபோது, தூரப் பார்வைக்கென்று வைத்த லென்ஸ் குறி தவறி, 0.75 டையாப்டர் தூரப்பார்வைக் குறை நின்றுவிட்டது தெரிந்தது. முக்கால் டையாப்டர் என்ன பிரமாதம் என்று கேட்கலாம். தூரத்திலும் முழுத் தெளிவு இல்லை. ஊசியோ இன்னும் எட்டிப் போய்விட்டது. தையற்காரருக்கு அது பிரமாதந்தான்.

இரண்டு ஆண்டுகள் கழிந்து வலக்கண்ணின் முறை வந்தது. பள்ளிகள் திறந்து சீருடை வேலை ஓய்ந்த ஏப்ரல் இறுதியில் வேறோர் இடத்திற்குப் போனோம். அங்கிருந்த டாக்டர் அம்மையார் கருவி எதனையும் தொடுமுன் அப்பாவின் முகத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை முறை இமைக்கிறார் என்று எண்ணினாராம். பிறகு மேலிமையைத் தூக்கினார். கீழிமையை இழுத்து விட்டார். இமை விளிம்பை விரலால் அமுக்கினார். அமுக்கிய இடத்தில், தெளிந்த எண்ணெய் வருவதற்குப் பதில், பற்பசை போன்ற வெண்மையான பொருள் நூலாய் வந்தது. இந்தப் 'பார், தூக்கு, இழு, அமுக்கு' என்னும் நான்கையும் புரை அறுவைக்கு முன் செய்யவேண்டிய சோதனையாக, அமெரிக்காவில் கண்புரை அறுவை மருத்துவர்களின் சங்கம் ஒன்று 2019-இல் வகுத்துத் தந்திருக்கிறது என்று பின்னர் அறிந்தேன்.

"அறுவை இப்போது வேண்டாம். முதலில் வறண்ட கண்ணுக்கு மருந்து. நான்கு வாரம் கழித்து அளவெடுப்போம்" என்றார் அவர். இந்தியில்தான் சொன்னார், அப்பாவுக்கு என்னைவிட நன்றாக இந்தி தெரியும். வெளியே வந்ததும் கேட்டார்:

"ஏம்ப்பா, கண்ணு பூரா தண்ணியா வழியுது. இந்த அம்மா வறண்டு போச்சுங்குது. புரைக்கு வந்தா கண்ணீருக்கு மருந்து குடுக்குது. காசு புடுங்குற வழியா?"

எனக்கும் அதே ஐயந்தான். நாளைக்கே அறுவை செய்யும் வேறிடம் தேடலாமா என்றுகூட எண்ணினேன். ஆனால் என் கையில் இருந்த சீட்டு என்னைத் தடுத்தது. அதில் வலக்கண்ணின் கார்னியா அளவு மூன்று முறை அச்சாகியிருந்தது; ஒரே கருவி, ஒரே கண், ஐந்து நிமிட இடைவெளி. மூன்றும் மூன்று விதமாக இருந்தன. ஆய்வுக்கூடத்தில் இப்படி ஓர் அளவீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் நம் பேராசிரியர்கள் என்ன சொல்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

அந்தக் கருவி வேலை செய்யும் விதத்தைச் சொன்னால் பிழை எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதற்கு வழிகாட்டினார். ஆற்றல் அழியாமை விதியில் நாம் சந்திக்கும் அதே ஹெல்ம்ஹோல்ட்ஸ்தான். கண்ணின் முகப்பைக் குவியாடியாகக் கொண்டு, அதில் தெரியும் ஒளிப் பிம்பத்தின் அளவிலிருந்து பரப்பின் வளைவு ஆரத்தைக் கணக்கிடுவதே முறை. இன்றைய கருவிகள் பலவும் அடிப்படையில் அதைத்தான் செய்கின்றன. ஆடியாக நிற்பது எது? கண்ணீர்ப் படலம்! கருவி அளப்பது கார்னியாவை என்று நாம் நினைக்கிறோம். அது பார்ப்பது கண்ணீரின் பரப்பை. படலம் மூன்று விநாடியில் கிழிந்துபோகும் கண்ணில் பிம்பமும் கோணலாகும், அளவும் ஆடும்.

ஆட்டம் எத்தனை தூரம் போகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வளைவு ஆரத்தை மில்லிமீட்டரில் எடுத்து, 337.5-ஐ அதனால் வகுத்தால் கார்னியாவின் திறன் டையாப்டரில் கிடைக்கும். ஆரம் 7.8 என்றால் திறன் 43.27, அதுவே 7.6 என்று தவறாக அளந்துவிட்டால் 44.41. ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு பிழை, திறனில் 1.14 டையாப்டர் வேற்றுமை. லென்ஸைத் தேர்ந்தெடுக்க 1980-ஐ ஒட்டி சாண்டர்ஸ், ரெட்ஸ்லாஃப், கிராஃப் என்ற மூவர் தந்த எளிய வாய்பாடு ஒன்று உண்டு. லென்ஸின் வகைக்கு ஏற்ப 118-ஐ ஒட்டிய ஓர் எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். அதிலிருந்து விழியின் நீளத்தை 2.5-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். கார்னியாவின் திறனை 0.9-ஆல் பெருக்கி அதையும் கழிக்க வேண்டும். எஞ்சுவதே லென்ஸின் திறன். இன்று இதனினும் நுட்பமான வாய்பாடுகள் வழக்கில் உள்ளன. ஆயினும் பிழை எவ்வழியே பாய்கிறது என்பதை அறிய இது போதும். நீளம் 23.5 மில்லிமீட்டர், வகை எண் 118.4 என்று கொண்டால், சரியான அளவுக்கு 20.7 டையாப்டர் லென்ஸ் வருகிறது; தவறான அளவுக்கு 19.7. ஏறத்தாழ ஒரு டையாப்டர் குறைந்த லென்ஸ் உள்ளே போய்விடும். அது மூக்குக் கண்ணாடியின் கணக்கில் 0.7 அளவுக்குத் தூரப்பார்வைக் குறையாக வெளிப்படும்.

இந்த 0.7-ஐ எழுதிவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அப்பா எதையும் தூக்கி எறிபவர் அல்லர். வாடிக்கைக்காரர்களின் அளவு நோட்டுகளை ஆண்டுவாரியாகக் கட்டி வைப்பவர். பழைய ஆஸ்பத்திரிச் சீட்டும் கடைப் பெட்டியில் அவற்றுடன் இருந்தது. அடுத்த முறை அதனை டாக்டரிடம் காட்டினேன். அவர் இடக்கண்ணையும் புதிதாக அளந்து, ஒப்பிட்டுப் பார்த்தார். பழைய அளவு ஒரு டையாப்டருக்குமேல் கூடுதலாக இருந்தது. "கண்ணீர்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அறுவையாலும் வளைவு சிறிது மாறும். லென்ஸ் உள்ளே அமரும் இடமும் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆனால் அன்று இந்தக் கண்ணை நான் அளந்திருக்க மாட்டேன்" என்றார். அவருடைய நிதானம் எனக்குப் பிடித்திருந்தது. இரண்டாவது முறை திறந்து லென்ஸை மாற்றும் அளவுக்கு இந்தப் பிழை பெரிது அன்று, கண்ணாடியே போதும் என்றும் சொன்னார்.

நீர் வழியும் கண் எப்படி வறண்ட கண் ஆகும் என்ற அப்பாவின் கேள்விக்கும் அங்கேயே விடை கிடைத்தது. எண்ணெய் குறைந்து படலம் கிழியும்போது, கார்னியாவின் நரம்புகள் உறுத்தலை உணர்ந்து அபயக்குரல் எழுப்புகின்றன. பெரிய கண்ணீர்ச் சுரப்பி உடனே நீரைக் கொட்டுகிறது. அந்த நீரில் எண்ணெய் இல்லை. நில்லாமல் கன்னத்தில் வழிந்துவிடுகிறது. வெள்ளம் ஓடிய வயலில் ஈரம் நிற்காதது போலத்தான். இதனை உறுதி செய்ய எளிய சோதனைகள் இரண்டு உண்டு. ஜெர்மானியராகிய ஓட்டோ ஷிர்மர் 1903-இல் தந்த முறைப்படி, வடிதாளின் சிறு துண்டு ஒன்றைக் கீழிமையில் மாட்டி ஐந்து நிமிடத்தில் எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று பார்ப்பது ஒன்று. பத்துக்கு மேல் என்றால் நீர் குறைவில்லை. ஐந்துக்குக் கீழ் என்றால் கவலைக்குரியது. மற்றது, ஃபுளோரசின் என்னும் சாயத்தைக் கண்ணில் தொட்டு வைத்து நீல ஒளியில் பார்ப்பது. பச்சையாய் ஒளிரும் படலத்தில் முதற் கருந்திட்டு தோன்ற எத்தனை விநாடி ஆகிறது? பத்துக்குக் குறைந்தால் படலம் நிலையற்றது. அப்பாவுக்குத் தாள் 14 மில்லிமீட்டர் நனைந்தது. படலமோ மூன்று விநாடியில் கிழிந்தது. நீர் உண்டு; காக்கும் எண்ணெய் இல்லை. இத்தகைய சோதனைகளையும், கண்ணைத் தொட்டு அழுத்தம் பார்ப்பதையும், மரத்துப்போகும் சொட்டு விடுவதையும் கார்னியாவை அளந்து முடித்த பின்னரே செய்யவேண்டும். முன்னே செய்தால் அவையே பரப்பைக் கலைத்துவிடும். கான்டாக்ட் லென்ஸ் அணிபவரும் அதனைச் சில நாள் முன்னதாகவே கழற்றிவிட வேண்டும்; எத்தனை நாள் என்பது லென்ஸின் வகையைப் பொறுத்தது.

இஃது ஏதோ ஒருவருக்கு வந்த அபூர்வ நோய் என்று எண்ண வேண்டா. புரை அறுவைக்கென்று வந்த 136 பேரை அமெரிக்காவில் சோதித்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 63 கண்களில் படலம் ஐந்து விநாடிக்குள் கிழிந்தது. 77 கண்களின் கார்னியாவில் சாயம் ஒட்டி, மேற்பரப்பின் சேதத்தைக் காட்டியது. அவர்களுள் பெரும்பாலோருக்குத் தமக்கு வறட்சி இருப்பதாக முன்பே யாரும் சொல்லியிருக்கவில்லை. புரையும் வறட்சியும் இரண்டும் வயதோடு வருபவை. ஒன்றின் மங்கலில் மற்றது மறைந்துவிடுகிறது.

சிகிச்சையில் ஆடம்பரம் ஒன்றும் இல்லை. அப்பாவுக்குச் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு ஒரு நாளைக்கு ஆறு முறை. அடிக்கடி விடவேண்டியிருந்தமையால், கெடாமல் காக்கும் பொருள் சேராத வகையையே எழுதிக் கொடுத்தார். அந்தக் காப்புப் பொருள்களுள் மிகுதியாக வழங்கும் பென்சால்கோனியம் குளோரைடு, நாளும் பல முறை பட்டால் கார்னியாவின் மேற்பரப்பையே அரிக்கும். அடுத்தது வெந்நீர் ஒத்தடம், காலையும் இரவும். உறைந்த நெய் உருக வெப்பம் வேண்டுவதுபோல், சுரப்பியில் அடைத்த எண்ணெய் இளக 40 டிகிரியை ஒட்டிய வெப்பம் வேண்டும். அதுவும் ஐந்து பத்து நிமிடம் நிற்க வேண்டும். துணி இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும் ஆகையால் மீண்டும் மீண்டும் நனைத்துப் பிழிய வேண்டும். இதைத்தான் பெரும்பாலோர் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். ஒத்தடம் ஆனதும் மேலிமையை மேலிருந்து கீழாகவும், கீழிமையைக் கீழிருந்து மேலாகவும் மெல்ல வருடி, விளிம்பைத் துடைக்க வேண்டும். இவற்றோடு வீக்கம் தணிக்க ஸ்டீராய்டு சொட்டு இரண்டு வாரம் மட்டும் கொடுத்து, கண் அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டார். அந்தச் சொட்டைப் பழைய சீட்டைக் காட்டித் தாமே வாங்கி விட்டுக்கொள்பவர்கள் நம்மிடையே பலர். அழுத்தத்தை ஏற்றுவதும் புரையையே உண்டாக்குவதும் அதன் குணங்கள் என்பதை வீட்டில் சொல்லி வையுங்கள். சிலருக்கு சைக்ளோஸ்போரின் சொட்டு வேண்டியிருக்கும். அது பலன் காட்ட வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் ஆகும். சிலருக்குக் கண்ணீர் வடியும் துளையை நுண்ணிய அடைப்பானால் மூடுவார்கள்.

கடையில் மின்விசிறியின் இடத்தை மாற்றினோம். பத்து தையலுக்கு ஒரு முறை கண்ணை முழுதும் மூடித் திறக்க வேண்டும் என்பது டாக்டரின் கட்டளை. முதலில் அப்பா சிரித்தார். பிறகு பாபின் மாற்றும்போதெல்லாம் செய்யத் தொடங்கினார்.

நான்கு வாரம் கழித்து அளந்தபோது எண்கள் நெருங்கியிருந்தன, ஒன்றவில்லை. 'லூ' காற்று வீசத் தொடங்கியிருந்த காலம். "இன்னும் இரண்டு வாரம்" என்றார் டாக்டர். எனக்குப் பொறுமை போயிற்று; ஆனால் அப்பா மாறியிருந்தார்.

"கோடித் துணியை நனைச்சுக் காயப்போட்டுத்தான் வெட்டணும். அவசரக்காரன் அப்படியே வெட்டுவான். முதல் சலவையிலேயே சட்டை தோளுக்கு ஏறிடும். இந்த அம்மா நனைச்சு வெட்டுற ஆளு. இருக்கட்டும்ப்பா" என்றார்.

ஆறாம் வாரத்தில் மூன்று அளவும் ஒன்றுக்கொன்று 0.1 டையாப்டருக்குள் வந்து நின்றன. முதல் நாள் அளவின்படி வைத்திருக்கக் கூடிய லென்ஸுக்கும் இப்போது தேர்ந்த லென்ஸுக்கும் இடையே ஒரு டையாப்டர் வேற்றுமை. தூரத்திற்கு வைக்கவா, அருகிற்கு வைக்கவா என்று டாக்டர் கேட்டார். "பஸ் நம்பர் தெரியணும். ஊசிக்குக் கண்ணாடி போட்டுக்கிறேன்" என்றார் அப்பா.

எல்லோரும் இப்படிக் காத்திருக்க வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. வறட்சி லேசாக இருந்து, அளவும் நிலைத்திருந்தால், சொட்டு மருந்தோடு அறுவையையும் நடத்தலாம். புரை முற்றிப் பழுத்து, கண் வலித்துச் சிவந்து, அழுத்தம் ஏறியிருந்தால் காத்திருப்பதே தவறு. அங்கே ஒரு நாளும் தாமதிக்கலாகாது. இதை முடிவு செய்வது மருத்துவரின் வேலை. நம் வேலை சில கேள்விகளைக் கேட்பதுதான். கண்ணீரைச் சோதித்தீர்களா? அளவை எத்தனை முறை எடுத்தீர்கள், ஒத்திருந்ததா? அப்பா சளிக்கு விழுங்கும் மாத்திரையையும் சர்க்கரை நோயையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இரண்டும் கண்ணை வறட்டக் கூடியவை. பல தூரங்களுக்குமான உயர்ந்த விலை லென்ஸ் வேண்டும் என்று கேட்கும் உறவினர்களுக்கு ஒரு செய்தி: அந்த வகை லென்ஸ் ஒளியைப் பங்கிட்டுத் தருவது, முகப்புப் பரப்பு கலங்கியிருந்தால் அதற்கு வரும் குறை சாதாரண லென்ஸுக்கு வருவதைக் காட்டிலும் மிகுதி.

அறுவைக்குப் பின்னும் வறட்சி சில காலம் கூடத்தான் செய்யும். வெட்டு கார்னியாவின் நரம்புகள் சிலவற்றை அறுக்கிறது. கிருமி நீக்கும் அயோடின் கரைசலும், பின்னர் விடும் பல சொட்டுகளும் பரப்பை உறுத்துகின்றன. முதல் மாதத்தில் மிகுந்து, மூன்று மாத அளவில் தணிவது வழக்கம். முன்னரே மருந்திட்ட கண்ணுக்கு இந்தக் காலம் எளிதில் கழிகிறது. முதல் முறை இதை யாரும் சொல்லாததால், இடக்கண் உறுத்தியபோது அறுவையே கெட்டுவிட்டது என்று வீட்டில் அம்மா அழுதார். இம்முறை நாட்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

வலக்கண்ணால் அப்பா இப்போது நிறுத்தத்தில் நின்றபடியே பஸ் எண்ணைப் படிக்கிறார். இடக்கண்ணிலும் ஒத்தடத்தால் கலக்கம் குறைந்திருக்கிறது. முன்போல் மூன்றாவது வரியில் தடுக்குவதில்லை. ஆனால் அந்த 0.75 அப்படியே இருக்கிறது. அவருடைய கண்ணாடியில் இடப்பக்கத்தில் மட்டும் அதற்கு வில்லை போட்டிருக்கிறோம். எண்ணெய்ச் சுரப்பியின் அடைப்பு ஒரு முறை மருந்திட்டுத் தீர்வதன்று. குளிர்காலம் வந்தால் திரும்பும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆகவே இரவு ஒன்பது மணிக்கு வெந்நீர் போடுவது இப்போது என்னுடைய வேலை.